வேலையிடத்தில் பாலியல் தொல்லை, போலீஸ் வழக்கு, வேலை: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளோடு வருபவர்கள் இரண்டு வகை. தொல்லைக்கு ஆளான பெண், அல்லது வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டதால் வேலை என்னாகுமோ என்று பயப்படும் ஆள். இருவரையும் குழப்புவது ஒன்றுதான்: புகார் குழு, போலீஸ், நிர்வாகத்தின் ஒழுங்கு நடவடிக்கை மூன்றையும் ஒரே வழக்காக நினைத்துக்கொள்வது. மூன்றும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு உண்டு. ஒன்றில் வந்த முடிவு இன்னொன்றைத் தானாகக் கட்டுப்படுத்தாது.

சூப்பர்வைசர் தொல்லை கொடுக்கிறார். முதலில் கமிட்டிக்குப் போவதா, போலீஸுக்கா?

இரண்டுக்கும் போகலாம், ஒரே நாளில்கூட. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் குழு அந்த ஆளின் வேலையைப் பற்றி மட்டுமே பரிந்துரைக்கும். சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை. சிறைத் தண்டனை வேண்டுமென்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) 75-வது பிரிவின்படி போலீஸில் புகார் தர வேண்டும். விருப்பமில்லாமல் தொடுவது, பாலுறவுக்கு இணங்கச் சொல்வது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவற்றுக்கு 3 ஆண்டுவரை சிறை. ஆபாசமாகப் பேசுவதற்கு ஓராண்டுவரை. போலீஸுக்குப் போக விரும்பினால் உதவி செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. “உள்ளேயே பேசி முடித்துக்கலாம், ஸ்டேஷன் எதுக்கு” என்று தடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றாலும் குழுவுக்கான கெடுவைத் தவறவிடாதீர்கள். அது மிகக் குறுகியது.

எவ்வளவு குறுகியது?

சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதம். தொடர்ச்சியான தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குமேல் குழுவின் கதவு மூடிவிடும். போலீஸ் பக்கம் கெடு நீளம்: ஓராண்டுவரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு, மூன்றாண்டுவரை தண்டனை உள்ளதற்கு 3 ஆண்டு.

தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது “பயம்” என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிடாதீர்கள். பயிற்சிக் காலம் முடியவில்லை, பணி நிரந்தர ஆணை அவர் கையெழுத்தில்தான் வரவேண்டியிருந்தது, மருத்துவமனையில் இருந்தேன் என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

எங்கள் கடையில் ஆறு பேர்தான் வேலை செய்கிறோம். கமிட்டியே கிடையாது. யாரிடம் போவது?

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகாரே முதலாளி மேல் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போக வேண்டும். கடலூரில் ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ விசாரிக்கலாம். புதுச்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் கேளுங்கள். வட்டார அளவில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் வாங்கும் புகாரை 7 நாளுக்குள் உள்ளூர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்ணோ, முதுநகர் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் பெண்ணோ, வீட்டு வேலை செய்பவரோ இதற்கு வெளியே இல்லை. ஒன்றிய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் புகாரைப் பதியலாம்.

பத்துப் பேர் கணக்கில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நிரந்தரப் பணியாளர்களை மட்டும் எண்ணி “எட்டுப் பேர்தான்” என்பார் முதலாளி. சட்டத்தின் கண்ணில் தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சி மாணவர், அப்ரண்டிஸ் எல்லோரும் பணியாளர்களே. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய்வரை அபராதம். மறுபடி தவறினால் இரட்டிப்பு, உரிமம் ரத்து வரைக்கும் போகலாம்.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

பெரும்பாலான புகார்கள் பலவீனமாவது இந்தக் கட்டத்தில்தான். “தகாத முறையில் நடந்துகொண்டார்” என்று எழுதினால் எதிர்த்தரப்பு மறுப்பதற்கு எதுவும் இல்லை, குழு விசாரிப்பதற்கும் எதுவும் இல்லை. தேதி, கிழமை, எந்த ஷிஃப்ட், எந்த இடம் (ஸ்டோர் ரூமா, மாடிப்படியா, கேன்டீனா), அவர் சொன்ன சொற்கள், அப்போது பக்கத்தில் இருந்தவர்கள், அதற்குப் பிறகு நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். சொற்கள் கெட்ட வார்த்தையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். கூச்சத்தில் மென்மையாக்கினால் குற்றமும் மென்மையாகிவிடும். தேதி சரியாக நினைவில்லை என்றால் ஊகித்து ஒரு தேதி போடாதீர்கள். “தீபாவளிக்கு முந்தின வாரம், இரவு ஷிஃப்ட்” என்பது, வருகைப் பதிவேட்டில் அவர் லீவு என்று காட்டும் ஒரு தவறான தேதியைவிட எவ்வளவோ மேல்.

ஓவர்டைம் பாக்கி, இன்கிரிமென்ட் தகராறு ஆகியவற்றை இதே மனுவில் சேர்க்க வேண்டாம். “சம்பளப் பகையில் போட்ட புகார்” என்று சொல்ல அதுவே போதும்.

உள்ளகக் குழுவுக்கு (நிறுவனத்துக்குள்ளேயே அமைந்த புகார் குழு) ஆறு பிரதிகள், ஆதாரங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் தர வேண்டும். எச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. ஒரு பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு.

வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் போதுமா?

குழுவுக்குப் பெரும்பாலும் போதும், எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். நீதிமன்றத்துக்கு அந்த அசல் போன் தேவைப்படும். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாக்ஷிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி ஒரு சான்றும் வைக்க வேண்டும். ஆகவே போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்வதற்கு முன் முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். புகார் கொடுக்கும் அன்றே, இந்த நாள், இந்த நேரம், இந்த கேமரா என்று குறிப்பிட்டு, பதிவை எடுத்துவைக்கச் சொல்லித் தனிக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

விசாரணை எத்தனை நாள் போகும்?

புகாரின் பிரதி 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். முடிந்து 10 நாளில் அறிக்கை. அறிக்கை கிடைத்து 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். பரிந்துரையில் திருப்தி இல்லாத எந்தத் தரப்பும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வக்கீல் வைத்து வாதாட இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராவிட்டால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒருதலைப்பட்சமாக முடித்துவிடலாம்.

கால அளவைவிட முக்கியம் குழு சரியாக அமைந்திருக்கிறதா என்பது. தலைவர் மூத்த பெண் அலுவலராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியிலிருந்து வரும் தன்னார்வ அமைப்பைச் சேர்ந்தவர். பதவிக் காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. அமர்வில் தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று பேர். வெளி உறுப்பினர் பெயரைப் பலகையில் மட்டும் எழுதிவைத்து, கூப்பிடாமலே அறிக்கை தயாரிக்கும் இடங்கள் உண்டு. அப்படி வந்த அறிக்கை உயர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம், பாதிக்கப்பட்டவர் பக்கம் முழு நியாயம் இருந்தாலும். அவசரமும் அப்படித்தான்: கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் பணி நீக்கத்தை, விசாரணை அவசரகதியில் நடந்தது என்பதற்காகவே 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. முதல் அமர்வுக்குப் போகும் முன்பே குழு அமைத்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர் இருவருக்கும் இது பொருந்தும்.

அதுவரை அவர் கீழேயே வேலை பார்க்க வேண்டுமா?

வேண்டாம். எழுத்தில் கேட்டால் உங்களையோ அவரையோ இடமாற்ற, உங்களுக்கு வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம்வரை விடுப்பு தர, உங்கள் வேலை குறித்து அவர் அறிக்கை எழுதுவதைத் தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. “என்னை மாற்றுங்கள்” என்று நீங்களாக எழுதும் முன் யோசியுங்கள்: சேதராப்பட்டில் பகல் ஷிஃப்ட் பார்த்தவரை இரவு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டு, அவர் கேட்டதுதானே என்பார்கள்.

சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள்.

விசாரணை தொடங்கும் முன், அதுவும் பெண் தானே கேட்டால் மட்டும் சமரசம். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை.

“தப்பான எண்ணத்தில் செய்யவில்லை” என்கிறார். எடுபடுமா?

2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு நேராகவே பதில் சொன்னது: பார்க்க வேண்டியது செய்தவரின் எண்ணத்தை அல்ல, அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லாததாக இருந்ததா என்பதை. புதுச்சேரியும் இதே உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரி தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். தொல்லை பஸ்ஸில் நடந்தது. எந்த ஊர் கணக்கு?

நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடமே. ஆகவே குழு உங்கள் தொழிற்சாலையின் குழுதான். போலீஸுக்கு இடம் முக்கியம்: ரெட்டிச்சாவடி அருகே நடந்திருந்தால் தமிழ்நாடு, கன்னியக்கோவில் அருகே நடந்திருந்தால் புதுச்சேரி. “இது எங்க லிமிட் இல்லை” என்று திருப்பியனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு பெண்கள் மீதான தொல்லை தடைச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் நடந்ததற்கு மட்டுமே பொருந்தும்; பாரதிய நியாய சன்ஹிதா இரண்டு பக்கமும் பொருந்தும்.

நான் கான்ட்ராக்ட் ஆள், அவர் மெயின் கம்பெனி ஆள். யார் விசாரிப்பது?

சிப்காட்டிலும் நெய்வேலியிலும் ஒப்பந்த வேலை அதிகம் என்பதால் இது அடிக்கடி வருகிறது. நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்களோ அந்த இடத்துக்குப் பொறுப்பான நிறுவனத்தின் குழுவிடம் கொடுங்கள், கான்ட்ராக்டருக்கும் ஒரு பிரதி. தொல்லை கொடுத்தவர் வேறு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார் என்பதால் பெண்ணின் பணியிடக் குழு கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் தெளிவாக்கிவிட்டது.

ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள்.

சிஎஸ்ஆர் என்பது மனு வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. மூன்றிலிருந்து ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை செய்யச் சட்டம் இடம் தருகிறது, அதற்கும் 14 நாள்தான். அதன் பிறகும் நகரவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் மனு. அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. தபால் ரசீதை வைத்திருங்கள், நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இப்போது மறுபக்கம். என் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். வேலை போய்விடுமா?

எஃப்.ஐ.ஆர். என்பது குற்றச்சாட்டின் தொடக்கம் மட்டுமே. அதன்பின் குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, தீர்ப்பு என்று நீண்ட தூரம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். ஒன்றை மட்டும் காட்டி டிஸ்மிஸ் செய்ய முடியாது. ஆனால் சஸ்பெண்ட் செய்யலாம். ஒன்றிய அரசின் விதிகளைப் பின்பற்றும் புதுச்சேரி அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், கைதான நாளிலிருந்தே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படுவார். தமிழ்நாடு அரசு ஊழியரை சஸ்பெண்ட் செய்ய இடம் தருவது ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின் 17(e) விதி. கைதை மறைத்து மெடிக்கல் லீவு போடுவது மிக மோசமான யோசனை. வழக்கில் நீங்கள் விடுதலையானாலும் அந்தப் பொய்க்காகத் தனி மெமோ வரும்.

சிறு கடைகளில் நடப்பது வேறு: “நாளைக்கு வர வேணாம்” என்பார்கள், தாள் எதுவும் இருக்காது. அப்படியென்றால் மறுநாள் வேலைக்குப் போய், உள்ளே விடவில்லை என்பதை உடனே மின்னஞ்சலிலோ தபாலிலோ எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வேலைக்கு வரவில்லை என்றாகிவிடும்.

சஸ்பெண்ட் காலத்தில் சம்பளம்?

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இருக்கக் கூடாது. புதுச்சேரி தொழிற்சாலைகளில் நிலையாணை (சட்டப்படி சான்று பெற்ற பணி விதிகள்) பொருந்தும் இடங்களில் முதல் 90 நாளுக்குப் பாதி, பிறகு 75 சதவீதம். வேறெங்கும் வேலை செய்யவில்லை என்று மாதாமாதம் எழுதித் தராததால் பணம் நின்றுபோனவர்கள் நிறைய. அரசு ஊழியர் விஷயத்தில், 3 மாதத்துக்குள் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) தராவிட்டால் சஸ்பெண்டை நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தந்துவிட்டால், நீட்டிக்கக் காரணத்தோடு ஆணை வேண்டும்.

கோர்ட் கேஸ் முடியும்வரை துறை விசாரணையை நிறுத்தச் சொல்லலாமா?

கேட்கலாம், அபூர்வமாகவே கிடைக்கும். 1999-இல் பாரத் தங்கச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒரே சம்பவம், ஒரே சாட்சி, சிக்கலான சட்டக் கேள்வி, கடுமையான குற்றம் எல்லாம் சேர்ந்தால்தான் துறை விசாரணையைத் தள்ளிவைப்பது நல்லது, அதுவும் காலவரையின்றி அல்ல. அதே வழக்கில் பிழைப்பூதியம் தராமல் நடத்திய விசாரணை செல்லாது என்றும் ஆனது, ஆகவே பாக்கி இருந்தால் எழுத்தில் கேட்டுவையுங்கள். குழுவின் அறிக்கையே துறை விசாரணை அறிக்கையாகக் கருதப்படுவதால், “அது வெறும் கமிட்டிதானே” என்று அமர்வுக்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு.

கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டேன். வேலை திரும்பக் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தென்காசியில் பணிக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைச் சீண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், விடுதலை வந்தது. டிஸ்மிஸ் ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸ் சரியே என்று முடித்தது: சாட்சி பிறழ்ந்து வரும் விடுதலை கௌரவமான விடுதலை அல்ல. புகார்தாரரைச் சமாதானப்படுத்தி சாட்சியை மாற்றினால் வேலை தப்பிக்கும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. தீர்ப்பு நகலில் விடுதலைக்கான காரணம் எழுதிய பத்தியைப் பாருங்கள். உங்கள் அடுத்த மனு அந்தப் பத்தியை நம்பித்தான் நிற்கும்.

தண்டனை வந்தது, அப்பீலில் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

நின்றது தண்டனை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அரசமைப்பின் 311-வது பிரிவு, தண்டனைக்குக் காரணமான நடத்தையின் பேரில் தனி விசாரணை இல்லாமலே அரசு ஊழியரை நீக்க இடம் தருகிறது. அப்பீல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது 1995 முதல் நிலைத்த சட்டம்.

புது வேலைக்கான படிவத்தில் வழக்கைச் சொல்ல வேண்டுமா?

கேள்வியை எழுத்தெண்ணிப் படியுங்கள். “தண்டனை பெற்றீர்களா” என்பது ஒன்று, “வழக்கு நிலுவையில் உள்ளதா” வேறு, “எப்போதாவது கைதானீர்களா” இன்னொன்று. கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். கேட்காததை வலியப் போய் எழுத வேண்டியதில்லை. வழக்கைச் சொன்னதால் போன வேலைகளைவிட, மறைத்துப் பிறகு போலீஸ் சரிபார்ப்பில் அகப்பட்டதால் போன வேலைகள் கொடுமையானவை. வேலையில் சேர்ந்து சில ஆண்டு ஆன பிறகும் நீக்குவார்கள். மறைத்ததற்காக நீக்கும் முன் வழக்கின் தன்மை, வயது, விடுதலையா என்பதையெல்லாம் அதிகாரி எடைபோட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வரையறை செய்தது. காவல் துறை வேலைக்கு அளவுகோல் இன்னும் கடுமை.

சிங்கப்பூர், துபாய் போக முடியுமா?

நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி ஆணை வாங்கினால், ஆணையில் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். காலம் குறிப்பிடவில்லை என்றால் பெரும்பாலும் ஓராண்டுதான். ஆகவே மனுவிலேயே எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேளுங்கள். ஜாமீன் நிபந்தனையையும் பாருங்கள். அதில் வெளிநாடு போகத் தடை இருந்தால் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பயனில்லை.

நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என்னைத் தண்டிப்பார்களா?

மாட்டார்கள். நிரூபிக்க முடியாதது வேறு, தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னது வேறு. இரண்டாவதற்குத் தனி விசாரணை நடத்தி, கெட்ட எண்ணம் நிரூபணமான பிறகுதான் நடவடிக்கை.

ஆண்களுக்கு இந்தச் சட்டம் உதவுமா? மேலாளர் சாதி சொல்லித் திட்டுவதற்கு?

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டும். ஆண்கள் நிறுவனத்தின் ஒழுங்கு விதிப்படியும், குற்றம் நடந்திருந்தால் போலீஸிலும் புகார் தரலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரைச் சாதி சொல்லிப் பிறர் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டம் பாயும்.

புகார் கொடுத்ததும் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் கடை, நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் இடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்த முடியாது. ஆணை கிடைத்து 30 நாளுக்குள் தொழிலாளர் துறை மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொழிற்சாலைத் தொழிலாளி என்றால் தொழிலாளர் துறையில் சமரச மனு, பிறகு தொழிலாளர் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம். நிறுத்திய ஆணையைப் புகார் குழுவிடமும் சேர்த்துக் கொடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. காவலில் இருப்பவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.